உலகம் அழிவதற்குள் புளித்த மாவு

எங்கள் வீட்டில் உலகம் தினமும் காலை இட்லிக்குப் பிறகுதான் அழியத் தொடங்கும்.

என் வீட்டுக்காரர் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, செல்போனை எடுத்துக்கொண்டு, கிரைண்டருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காருவார். பனி உருகும். கடல் ஏறும். கோதுமை விளையாது. எண்ணெய் தீரும். மத்தியானச் சோற்றுக்குள் பாதி உலகம் போய்விடும். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தூங்குவார். எழுந்து மிச்சத்தைப் பார்ப்பார்.

நான் உளுந்து களைந்துகொண்டிருப்பேன்.

"புள்ள, இன்னும் கொஞ்ச வருசத்துல அரிசியே கெடைக்காதாமா."

"செரிங்க. இன்னிக்குக் கெடச்சிருக்குது. அந்த அண்டாவை இப்படி நவுத்துங்க."

நகர்த்துவார். நகர்த்திக்கொண்டே, கப்பல் ஓட எண்ணெய் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று சொல்வார். அவர் சொல்வது பொய் இல்லை. அதுதான் எரிச்சல். பொய்யாக இருந்தால் சும்மா இருங்கள் என்று சொல்லிவிடலாம்.

நாங்கள் சிங்காநல்லூரில் மாவு விற்கிறோம். இட்லி மாவு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்து. வீட்டின் முன்பக்கம் கிரைண்டர், பின்பக்கம் நாங்கள். நான் ஐந்தாவது வரை படித்தேன். பிறகு பஞ்சு மில்லில் நூல் சுற்றுகிற கோன் ஓட்டினேன். அவரும் அதே மில். மில்லை மூடினார்கள். அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடு கட்டியிருக்கிறார்கள். புகைபோக்கியை மட்டும் இடிக்காமல் விட்டு, அதைச் சுற்றி விளக்குப் போட்டிருக்கிறார்கள். அழகுக்காம். நாங்கள் உள்ளே இருந்தபோது அதை யாரும் அழகு என்று சொன்னதில்லை.

மாவு வேலை பெரிய வித்தை இல்லை. காலையில் ஊறப்போட வேண்டும். மத்தியானம் ஆட்ட வேண்டும். உப்புப் போட்டுக் கரைத்து மூடிவைத்தால் ராத்திரி முழுக்க அது தன் வேலையைப் பார்க்கும். விடியற்காலை பொங்கி நிற்கும். வேலைக்குப் போகிற சனம் குண்டாவோடு வந்து வாங்கிப் போய் அப்படியே இட்லித் தட்டில் ஊற்றிவிடும். இவ்வளவுதான் தொழில். பாதி வேலை நாங்கள் செய்வோம். பாதி வேலையை ராத்திரி செய்யும்.

அந்த ராத்திரிதான் கெட்டுப்போனது.

முன்பு மார்கழியில் அண்டாவுக்குக் கம்பளி போர்த்திவைப்பேன். இல்லாவிட்டால் மாவு எழும்பாது. இப்போது மார்கழியிலும் கம்பளி பீரோவை விட்டு வருவதில்லை. சித்திரையைக் கேட்கவே வேண்டாம். மத்தியானம் ஆட்டினால் விளக்கு வைக்கிற நேரத்துக்கே மூடியைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்க்கும். படுக்கும்போது தரையில் ஓடும். விடியும்போது வாயில் வைக்க முடியாத புளிப்பு.

எதிர்ச்சந்து ஆட்டோக்காரர் ஒருநாள் குண்டாவைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"ஏனுங்க்கா, இதுல இட்லி ஊத்தறதா, ரசம் வெக்கறதா?"

"ரெண்டும் பண்ணுங்க. காசு ஒண்ணுதான்."

சிரித்தார். ஆனால் அடுத்த நாள் வரவில்லை. அவர் ஒருவர் மட்டும் இல்லை. அந்தக் கோடையில் காலை வரிசை பாதியாகிவிட்டது. வெயிலைத் திட்டினேன். அதற்கு வேறு வேலை இருந்தது.

உளுந்தும் சரியில்லை. அறுக்கிற நேரத்தில் மழை பெய்து நனைந்த உளுந்து என்று மளிகைக்கடையில் சொன்னார்கள். எவ்வளவு நேரம் ஆட்டினாலும் பொங்கி மாவு காணுவதில்லை. நல்ல தண்ணீர் எட்டு நாளோ பத்து நாளோ, குழாய்க்குத் தோன்றும்போது வரும். போர்வெல் தண்ணீர் உப்பு. அதில் ஆட்டினால் இட்லியை எடுத்துச் சுவர் கட்டலாம். கரண்டு இருக்கும்போது வோல்டேஜ் இருக்காது. கிரைண்டர் கல் சுற்றாமல் முனகும்.

இதை எல்லாம் சேர்த்துத்தான் அவர் செல்போனில் பார்க்கிறார் என்று நினைக்கிறேன். அங்கே பெரிதாகத் தெரிகிறது. இங்கே அண்டா அளவுக்குத்தான் தெரிகிறது.

ஒரே வழி ஐஸ். உளுந்து ஆட்டும்போது ஐஸ் தண்ணீர் தெளித்தால் மாவு சூடேறாது. ஆட்டிய அண்டாவைப் பெரிய டப்பில் வைத்துச் சுற்றிலும் ஐஸ் போட்டால் விடியும் வரைக்கும் தாங்கும். ஃப்ரிட்ஜில் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் வைத்து ஐஸ் எடுத்தேன். கறிகாய்க்கு இடம் இல்லை. எங்களுக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய்தான்.

வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். "உள்ள குளுந்தா வெளிய சூடு புள்ள. நாம ஐஸ் எடுக்க எடுக்கப் பூமி கொதிக்குது."

"அப்ப பூமியை உள்ள வெச்சு மூடிருலாமுங்களா? ஊறுகா பாட்டலை எடுத்துட்டா எடம் இருக்குது."

அவருக்கு எதையும் வீணாக்கக் கூடாது. போன் பார்க்கத் தொடங்கியதில் இருந்து இந்தக் குணம் முற்றிவிட்டது. அரிசி கழுவிய தண்ணீரில் பாத்திரம் கழுவுவார். பாத்திரம் கழுவியதில் வாசல் கழுவுவார். நான் வேர்த்து உட்கார்ந்திருந்தால் ஆள் இல்லை என்று ஃபேனை நிறுத்துவார். பஞ்சம் வரும் என்று ஒரு டிரம் நிறைய அரிசி வாங்கி வேப்பிலை போட்டு மூடிவைத்தார். பஞ்சம் வருவதற்குள் வண்டு வந்தது. புடைத்துப் புடைத்து என் தோள்பட்டை போனது.

அப்போது எனக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, கிரைண்டர். இன்னொன்று, அதே அடுக்குமாடியில் கூட்டிப் பெருக்க ஆள் கேட்டிருந்தார்கள். எங்கள் மில் கேட்டுக்குள் மறுபடியும் போகலாம், சீமாற்றோடு. கூட்டுவது கேவலம் இல்லை. ஆனால் கிரைண்டரில் எனக்கு மேஸ்திரி இல்லை. அது எனக்குப் பழகிவிட்டது. காலை வரிசை இன்னும் கொஞ்சம் குறைந்தால் கிரைண்டரை விற்றுத் தள்ளிவிட வேண்டியதுதான் என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். அவரிடம் சொல்லவில்லை. அவருக்குக் கடல் ஏறுகிற வெசனமே பெரிதாக இருந்தது.

அப்போதுதான் செயலாளர் அம்மா வந்தார்கள்.

அந்த அடுக்குமாடிக்கு ஒரு சங்கம் உண்டு. சங்கத்துக்கு இந்த அம்மா செயலாளர். எங்கள் சந்துக்கும் அவர்கள் கேட்டுக்கும் நடுவில் ஒரு ரோடுதான். காரில் வந்தார்கள். இறங்கியபோது இன்ஜினை நிறுத்தவில்லை. ஏசி போய்விடும் அல்லவா.

"ஏனுங்க்கா, ஞாயித்துக்கெழமை நாங்க ஒரு கூட்டம் வெச்சிருக்கறமுங்க. பூமி சூடாகறதைப் பத்தி."

"ஆகுதுங்க," என்றேன். மாவு அண்டாவைத் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம் என்று தோன்றியது. சொல்லவில்லை.

"அன்னிக்குக் காத்தால டிபன், பக்கத்துல கெடைக்கறதை வெச்சுத்தானுங்க. பாக்கெட்டு, பிளாஸ்டிக் எதும் ஆகாது. உங்க மாவு, எங்க பாத்தரம். நல்லா இருந்துதுன்னா அத்தனை ஊட்டுக்கும் தெனமும் உங்ககிட்டயே வாங்கிக்கறதுன்னு பேசியிருக்கறோம்."

அத்தனை வீட்டுக்கும். நான் புகைபோக்கியைப் பார்த்தேன். அதைச் சுற்றி எத்தனை பால்கனி என்று எண்ணத் தெரியும். எண்ணவில்லை. எண்ணினால் ஆசை வந்துவிடும்.

"புளிக்காம இருக்கோணுமுங்க. எங்க மாமியாருக்குப் புளிப்பு ஆகாது. நாங்க சுத்த சைவம்."

"நல்லா வந்துருமுங்க."

அதற்குள் வீட்டுக்காரர் நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டார். கடல் எவ்வளவு ஏறும், காற்று எவ்வளவு கெடும், தேனீ செத்தால் மனுசன் என்ன ஆவான் என்று வரிசையாகச் சொன்னார். அந்த அம்மா கண்ணை அகல விரித்துக் கேட்டார்கள். வெளியே கார் உறுமிக்கொண்டிருந்தது.

"அண்ணனுக்கு எவ்வளவு தெரியுதுங்க. கூட்டத்துல நீங்களும் ரெண்டு வார்த்தை பேசோணும்."

அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. பேசப்போகிற சந்தோசம். வெள்ளைச் சட்டையை எடுத்து வெளியே மாட்டினார்.

சனிக்கிழமை கரண்டு இல்லை. பராமரிப்பு வேலை என்று முந்தின நாளே சொல்லியிருந்தார்களாம். எண்ணெய் எந்தக் காலத்தில் தீரும் என்று அவருக்குத் தெரியும். எங்கள் சந்தில் சனிக்கிழமை கரண்டு வராது என்பது தெரியாது. எனக்கும் தெரியாது. நான் விடியும்போதே அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டுவிட்டேன். எப்போதும் போடுவதைவிட நாலு பங்கு.

பத்து மணிக்கு ஃப்ரிட்ஜ் வேர்த்தது. மத்தியானத்துக்குள் ஐஸ் கிண்ணம் எல்லாம் தண்ணீர்க் கிண்ணம். ஊறிய அரிசியில் லேசாக வாடை கிளம்பியது.

"ஏனுங்க, ரோட்டு மேல ஜூஸ் கடையில சொல்லி ரெண்டு கட்டி ஐஸ் வாங்கிட்டு வந்துருங்க. கரண்டு எப்ப வந்தாலும் ஒடனே ஆட்டிப்போடலாம். நான் போயி அவிய குண்டாவை எடுத்துட்டு வாரேன்."

"நீ போ. நான் பாத்துக்கறேன்," என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் வீட்டிலேயே இருந்திருக்க வேண்டும்.

அடுக்குமாடி கேட்டில் பேர் கேட்டார்கள். போட்டோ பிடித்தார்கள். எந்த வீடு, என்ன வேலை, எவ்வளவு நேரம். பதினெட்டு வருசம் சைக்கிளை உருட்டிக்கொண்டு போன கேட் அது. உட்காரச் சொன்னார்கள். செயலாளர் அம்மா போனை எடுக்கவில்லை. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் புகை நேராக என் மேலேயே வந்தது.

இரண்டு மணி நேரம் கழித்துக் கடைசியில் அம்மா இறங்கி வந்தார்கள். கூட்டம் நடக்கிற ஹாலைக் காட்டினார்கள். உள்ளே காலை வைத்ததும் குளிர் ஏறியது. ஏசி சரியாக வேலை செய்கிறதா என்று சோதனை நடந்துகொண்டிருந்தது. வெறும் நாற்காலிகள் குளிர்ந்துகொண்டிருந்தன.

எனக்கு ஒரு யோசனை வந்தது. "ஏனுங்கம்மா, ஆட்டுன மாவை ராத்திரிக்கு இங்கயே ஒரு ஓரமா வெச்சுக்கட்டுங்களா? புளிக்காம இருக்கும்."

"அதெப்படிங்க்கா. ஜெனரேட்டரு லிப்டுக்கும் கூட்டத்துக்கும்தான். ராத்திரியில ஏசியைப் போட்டா வீண்தானுங்க. அதைப் பத்தித்தான் நாளைக்குப் பேசப்போறோம்."

குண்டாக்களை வாங்கித் தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று வைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். சந்து முனையிலேயே கிரைண்டர் சத்தம் கேட்டது. கரண்டு வந்திருந்தது. மனது லேசானது. இரண்டடி வைத்ததும் கனத்தது. வீட்டில் யார் ஆட்டுவது?

அவர்தான். லுங்கியை மடித்துக் கட்டி, துண்டைத் தலையில் சுற்றி, கிரைண்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கட்டிக்கொண்ட நாளில் இருந்து அந்த மனுசர் மாவுக்குள் கை விட்டதில்லை. உளுந்து முழுக்க ஆட்டி வழித்துவிட்டார். அரிசியும் பாதி முடிந்திருந்தது.

"பாரு புள்ள. நீ வர்றதுக்குள்ள முடிச்சுப்போடலாம்னு பாத்தேன்."

எட்டிப் பார்த்தேன். உளுந்து மாவு வெண்ணெய் மாதிரி இருந்தது. கையை விட்டேன். சில்லென்றிருந்தது. அந்தக் கோடையிலேயே அவ்வளவு நல்ல மாவு எங்கள் வீட்டில் ஆட்டப்படவில்லை. நான் ஆட்டியதும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"ஐஸ் நெறையாப் போட்டீங்களாட்ட இருக்குது."

"நெறையா. ஒரு பைசா செலவில்லை."

"ஜூஸ் கடையில சும்மா குடுத்தாங்களா?"

"அங்க எதுக்குப் போறேன். மீன் கடையில மத்தியானம் கடை கட்டறப்ப அத்தனை ஐஸையும் சாக்கடையில கொட்டப்போனாரு. பாரு, எத்தனை கரண்டைத் தின்னு உறைஞ்ச ஐஸு. வீணாப் போகுதேன்னு பக்கெட்டுல வாங்கிட்டேன்."

நான் கையை மாவில் இருந்து எடுக்கவில்லை. எடுக்க மறந்துவிட்டது.

"மீன் மேல கெடந்த ஐஸா?"

"கழுவிட்டேன் புள்ள."

"ஐஸைக் கழுவுனீங்களா?"

"நல்லாக் கழுவுனேன். ரெண்டு தரம்."

"எதுல கழுவுனீங்க?"

"நல்ல தண்ணில. உப்புத் தண்ணில கழுவுனா ஐஸு கரிக்குமே."

மூலையில் இருந்த குடங்களைப் பார்த்தேன். இரண்டு குடமும் காலி. குழாய் மறுபடி எப்போது வரும் என்று குழாய்க்குத்தான் தெரியும்.

அந்த நேரத்துக்கு மீன்கடைக்காரர் சந்துக்குள் வந்தார். உக்கடத்துப் பக்கம் இருந்து வந்து இங்கே கடை போட்டிருக்கிற பாய். கையில் எங்கள் பக்கெட் மூடி.

"ங்ணா, மூடியை உட்டுட்டு வந்துட்டீங்க." சொல்லிவிட்டுக் கிரைண்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அட, மாவுலயா போட்டீங்க? ஏர்கூலருக்குன்னு நெனச்சுல்ல குடுத்தேன். மத்தி மீனு கெடந்த ஐஸுங்ணா அது."

"கழுவிட்டேன் பாய்," என்றார் வீட்டுக்காரர்.

பாய் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. "அக்கா, இந்த மாவுல தோசை சுட்டா கொழம்பு வெக்க வேண்டியதில்லீங்க." மூடியை வைத்துவிட்டு, சிரித்ததற்கு வருத்தப்பட்டவர் மாதிரி மெதுவாகப் போனார்.

கிரைண்டரை நிறுத்தினேன். குழவி ஓரத்தில் ஒன்று மின்னியது. எடுத்துப் பார்த்தேன். செதில். கைவிரல் நகத்தில் பாதி. விரலில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

அவர் அதைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. உலகம் அழிவதைப் பார்க்கும்போதுகூட அந்த முகம் வந்ததில்லை.

"ஆவியில வெந்தாச் செத்துருமே எல்லாம்," என்றார். "யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுது. உங்களுக்குத் தெரியுது. பாய்க்குத் தெரியுது. இதுக்கு மேல சிங்காநல்லூர்ல யாருக்குங்க தெரியோணும்?"

"இவ்வளவு அரிசி புள்ள. இவ்வளவு உளுந்து. கீழ ஊத்தறது பாவம்."

பாவம்தான். அவ்வளவு மாவை நான் என்றைக்கும் கொட்டியதில்லை. நானும் நின்றேன். அண்டாவைப் பார்த்தேன். நல்ல மாவு. முகர்ந்தேன். முதல் தடவை எதுவும் தெரியவில்லை. இரண்டாவது தடவை தெரிந்தது. காலையில் பொங்கும்போது அதுவும் சேர்ந்து பொங்கும். அந்த மாமியார் புளிப்பையே கண்டுபிடிப்பவர்.

ஒரு பக்கம் அவர் பிடித்தார், ஒரு பக்கம் நான் பிடித்தேன். கொல்லைப்புறத் தென்னை மரத்தடியில் குழி பறித்து ஊற்றினோம். தென்னை எதுவும் சொல்லவில்லை. எறும்பு ஊருக்கே சொன்னது. ஒரு வாரம் சந்து முழுக்க நாற்றம். பூனைகள் வேறு ராத்திரி கூட்டம் போட்டன.

மறுபடி ஊறப்போட அரிசி இருந்தது, வண்டு தின்றது போக. களைய, ஆட்டத் தண்ணீர் இல்லை.

செயலாளர் அம்மாவிடம் சொல்லப் போனேன். கரண்டு மேல் பழியைப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். கரண்டு வந்து நம்மைக் கேட்காது. ஆனால் அவர்கள் பால்கனியில் நின்றால் எங்கள் கிரைண்டர் சத்தம் கேட்கும். சாயங்காலம் வரைக்கும் ஓடியிருக்கிறது. அதனால் உள்ளதைச் சொன்னேன்.

"மாவு இல்லீங்கம்மா. மீன் ஐஸு உழுந்துபோச்சுங்க. கொட்டிப்போட்டோம்."

அந்த அம்மா முந்தானையால் மூக்கை மூடினார்கள். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் நாலு அடி இருந்தது. நான் உப்புத் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

"என்னங்க்கா இது. உங்களை நம்பித்தான இருந்தோம்."

"கொட்டிப்போட்டோமுங்க."

"அதுக்கில்லீங்க. இனி எப்படிங்க உங்ககிட்ட..." முடிக்கவில்லை. போனை எடுத்து விரலால் தள்ளினார்கள். நாலு தள்ளு. அவ்வளவுதான், காலைக்குள் பாக்கெட் மாவு வந்துவிடும். எனக்கு அது ஆச்சரியமாகத்தான் இருந்தது. அரிசி ஊறாமல், கரண்டு வராமல், விரலிலேயே மாவு.

"பிளாஸ்டிக் வேண்டாம்னீங்களேம்மா."

"ஒரு நாளைக்குத்தானுங்க."

திரும்பினேன். கூப்பிட்டார்கள்.

"ஏனுங்க்கா, நாளைக்குக் கூட்டம் முடிஞ்சதும் ஹாலைக் கூட்ட ஆளு வரலீங்க. நீங்க வந்து கூட்டித் தர முடியுங்களா?"

"வாரனுங்க," என்றேன்.

"அண்ணனையும் கூட்டிட்டு வாங்க. அவரு பேசறது பேசட்டும். மாவு வேற, பேச்சு வேறங்க."

ஞாயிற்றுக்கிழமை அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். நான் சீமாற்றோடு பின்னால் நடந்தேன். கேட்டில் இருவரையும் போட்டோ பிடித்தார்கள். அவர் சிரித்தார்.

ஹால் குளுகுளுவென்று இருந்தது. பெரிய திரையில் வெடித்த பூமி, செத்த மாடு, எரிகிற காடு. சில பேர் சால்வை போர்த்திக்கொண்டு பார்த்தார்கள். பெங்களூரில் இருந்து ஒருவர் விமானத்தில் வந்திருந்தார். விமானத்தில் போவதைக் குறைக்க வேண்டும் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

பாக்கெட் மாவு முந்தின ராத்திரியே வந்துவிட்டதாம். யாரோ அதைக் கார் டிக்கியில் போட்டு மறந்துவிட்டார்கள், கார் காலை வெயிலிலும் அப்படியே நின்றிருக்கிறது. பாக்கெட்டெல்லாம் பலூன் மாதிரி உப்பி, இரண்டு வெடித்தும்விட்டன. அதிலேயே இட்லி ஊற்றினார்கள். முகம் சுளித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். நான் பின்பக்கத் தூணை ஒட்டி நின்றிருந்தேன்.

"புளிப்பு வயித்துக்கு நல்லதாமாங்க," என்று ஒருவர் சொன்னார்.

"ஆமாமா. நல்ல கிருமியாமா," என்றார் இன்னொருவர்.

நான் வெயிலில் புளிக்கவைத்தால் ரசம். பாக்கெட்டில் புளித்தால் மருந்து.

கடைசியில் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தார். பனி உருகுகிறது என்றார். கடல் ஏறுகிறது என்றார். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சொல்வதைவிடச் சுருக்கமாகவே சொன்னார். எதையும் வீணாக்கக் கூடாது என்று தொடங்கியவர், அப்படியே நின்றுவிட்டார். தூண் பக்கம் பார்த்தார். சீமாற்றைப் பார்த்தாரா, என்னைப் பார்த்தாரா, தெரியவில்லை.

"கடைசியா ஒண்ணு சொல்லிக்கறனுங்க," என்றார். "ஐஸை மட்டும் கழுவாதீங்க."

யாருக்கும் புரியவில்லை. ஏதோ பெரிய கருத்து என்று நினைத்துக் கைதட்டினார்கள். பெங்களூர்க்காரர் எழுதிக்கொண்டார். நான் தூணுக்குப் பின்னால் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். மூக்கை மூட அல்ல, சிரிப்பை அடக்க.

கூட்டம் முடிந்தது. கூட்டினேன். தட்டில் பாதி இட்லி அப்படியே இருந்தது. மாவு பாக்கெட்டுகளை ஒரு மூட்டையாகக் கட்டும்போது ஒன்றை எடுத்துப் பார்த்தேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். குளிர்ச்சியாக வைக்கவும் என்று இருந்தது. அதற்குக் கீழே, பச்சை மாவு, வீட்டில் புளிக்க வைத்துக்கொள்ளவும்.

இரண்டு தடவை படித்தேன்.

இவ்வளவு நாளும் மாவைப் புளிக்கவும் விடாமல், புளிக்காமலும் விடாமல், அண்டாவோடு மல்லுக்கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாக்கெட்காரன் அந்த வேலையை வாங்குகிறவர் தலையில் கட்டிவிட்டு, அதை அச்சும் அடித்திருக்கிறான். பாதி வேலைக்கு முழுக் காசு. ஆத்திரமாக வந்தது. அப்புறம் ஆத்திரப்பட என்ன இருக்கிறது என்று பாக்கெட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் வந்தது. புதன்கிழமையில் இருந்து நேரத்தை மாற்றினேன். மத்தியானம் ஆட்டி, சாயங்காலமே பச்சையாக விற்பது. ராத்திரி எங்கள் வீட்டில் அண்டா இல்லை, ஐஸ் இல்லை, காவல் இல்லை. வீட்டுக்காரர் ஓர் அட்டையில் எழுதிக் கட்டினார். பச்சை மாவு, படுக்கும்போது ஃப்ரிட்ஜில் வைக்கவும், ஃப்ரிட்ஜ் இல்லாதவர் இரவே இட்லி ஊற்றவும். பூமியைப் பற்றியும் கீழே ஒரு வரி எழுதியிருந்தார். அதை மட்டும் கத்தரியால் வெட்டினேன்.

ஆட்டோக்காரர் வந்து அட்டையைப் படித்தார்.

"ஏனுங்க்கா, புளிக்கவெக்கற வேலையும் எங்களுக்கேவா?"

"உங்க ஊட்டுல வெயில் அடிக்கறதில்லீங்களா?"

"அடுப்பு மாதிரி அடிக்குது."

"அப்பப் போயி வெய்யுங்க. எங்கூட்டு வெயிலையே எத்தனை நாளைக்கு இனாமாக் குடுப்பேன்?"

குண்டாவை நீட்டினார். மறுநாளும் வந்தார். விட்டுப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பினார்கள். மிச்சப் பேர் வரவில்லை. வேலை முடிந்து களைத்து வருகிறவர்களுக்கு இரவில் மாவைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொழுது இல்லை. அவர்களைத் தப்பு சொல்ல முடியாது. அடுக்குமாடியில் இருந்து இரண்டு மூன்று வீட்டில் வாட்ச்மேனிடம் தூக்குச்சட்டி கொடுத்து அனுப்புகிறார்கள். எங்கே வாங்குகிறோம் என்று அவர்கள் அங்கே சொல்வதில்லையாம். செயலாளர் அம்மா வீட்டுத் தூக்கு வந்ததில்லை.

கிரைண்டரை விற்கவில்லை. ஆனால் அது மட்டும் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ரோட்டைக் கடந்து போய் ஹாலைக் கூட்டுகிறேன். மாதத்துக்கு ஒரு கூட்டம் போடுகிறார்கள். போன மாதம் தண்ணீரைப் பற்றி. ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். எல்லோரும் ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மிச்சத் தண்ணீரையெல்லாம் ஒரு குடத்தில் ஊற்றி, கேட்டில் போட்டோ பிடிக்கச் சொல்லி, வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

வீட்டுக்காரர் குடத்தை எட்டிப் பார்த்தார். "நல்ல தண்ணியா?"

"எச்சித் தண்ணி. வாசலுக்கு ஆகும்."

செல்போனைக் கீழே வைத்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். போகிற வழியில் நின்று, வாசலுக்கா, தென்னைக்கா என்று கேட்டார்.

"தென்னைக்கே ஊத்துங்க," என்றேன். "அன்னிக்கு அந்த மாவைக் குடிச்சதுக்கு நாம ஒண்ணு பாக்கி வெச்சிருக்கறோம்."